பன்னிரண்டு மேசை அரசாங்கம்

சட்டசபையைப் பார்க்கத்தான் முதலில் போவதாக இருந்தது. திண்டிவனத்தில் பள்ளிக்கூடங்களுக்குச் சுற்றுலா ஏற்பாடு செய்யும் ஏஜெண்ட் ஒருவரின் நம்பர் கிடைத்து, லூர்துமேரி அவருக்கு நான்கு தடவை போன் போட்டாள். நாலாவது தடவைதான் அவர் எடுத்தார்.

"எந்த ஸ்கூலுங்க?"

"ஸ்கூல் இல்லைங்க. பசங்கள வீட்டுலயே படிக்க வெக்கிறோம். ரெண்டு பொண்ணுங்க. மாநில அரசுன்னு ஒரு பாடம் வருது, அதான் நேர்ல காட்டலாம்னு."

"ஹெட்மாஸ்டர் கையெழுத்து போட்ட லெட்டர் இல்லாம உள்ள விட மாட்டாங்கம்மா. வீட்டுல யாரு ஹெட்மாஸ்டர்?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்துக்கொண்டார்.

லூர்துமேரிக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த மாதிரிச் சிரிப்பை அவள் இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். கூனிமேட்டுக்குப் பக்கத்தில் அவர்கள் வீடு. புருஷன் பிரபாகரன் எலெக்ட்ரீஷியன். அவள் பி.எஸ்சி. படித்தவள், காலையில் அரை நாள் ஆரோவில்லில் விதை பாக்கெட் போடும் இடத்தில் வேலை பார்க்கிறாள். மத்தியானத்துக்கு மேல் பிள்ளைகளுக்குப் பாடம். பெரியவள் சந்தியாவுக்குப் பதின்மூன்று வயது, சின்னவள் செந்தமிழுக்கு ஒன்பது.

செந்தமிழ் இரண்டாம் வகுப்பில் படித்தபோது அவளுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்க வரவில்லை. ஒருநாள் சாயங்காலம் ஸ்கூல் பஸ்ஸிலிருந்து இறங்கியவளின் முதுகில், சட்டையோடு சேர்த்து ஊக்கு குத்தி ஒரு தாள் தொங்கியது. 'எனக்குப் படிக்கத் தெரியாது' என்று அதில் எழுதியிருந்தது. டீச்சருடைய கையெழுத்து. பஸ் முழுக்கப் பிள்ளைகள் அதைப் படித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள், யாருமே கழற்றவில்லை. மறுநாள் லூர்துமேரி இரண்டு பிள்ளைகளின் டி.சி.யையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். செந்தமிழ் இப்போது நன்றாகவே வாசிக்கிறாள். வெளி ஆட்களிடம் பேசுவதுதான் நின்றுபோனது.

சட்டசபை இல்லையென்று ஆனதும், மரக்காணத்து உப்பள ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் மனு வாங்கும் முகாம் நடக்கப்போவதாக பிரபாகரன் வந்து சொன்னான். "எல்லா டிபார்ட்மெண்ட்டும் வருது. மேசை போட்டு உக்காருவாங்க. நீ அங்க கூட்டிட்டுப் போயேன். சட்டசபையில இன்னா இருக்குது, சேரும் மைக்கும்தான்."

அந்த யோசனை அவளுக்குப் பிடித்திருந்தது. சட்டம் போடுகிற இடத்தை விட, போட்ட சட்டம் மனுஷர்களிடம் வந்து சேருகிற இடத்தைப் பார்ப்பது நல்லதுதானே? புதன்கிழமை லீவு போட்டுவிட்டு இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். போகும்போதே வேலையைப் பிரித்துக் கொடுத்தாள். செந்தமிழ் மண்டபத்தைப் படமாக வரைய வேண்டும், எந்த மேசையில் எந்த வேலை என்று குறிக்க வேண்டும். சந்தியா ஒரே ஒரு மனுவைத் தேர்ந்தெடுத்து, அது எங்கெங்கே போகிறது என்று நேரத்தோடு எழுத வேண்டும்.

"முழுசா முடியுற வரைக்குமா?" என்று சந்தியா கேட்டாள்.

"முடியுற வரைக்கும்."

மண்டபத்தில் பன்னிரண்டு மேசைகள். ஒவ்வொன்றுக்கும் நம்பர் ஒட்டியிருந்தது. மணமேடையில் பெரிய ஃப்ளெக்ஸ் பேனர். ஃபேன்கள் எல்லாம் மேசைகளைப் பார்த்துச் சுழன்றன. ஜனங்கள் நின்ற பக்கம் வெறும் புழுக்கம்தான்.

மனு எழுதிக் கொடுக்கும் ஆள் டீ குடிக்கப் போயிருந்தார். அவருடைய காலி நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு பெண் வெள்ளைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். முப்பத்தைந்து வயதிருக்கும். கணுக்கால் வரைக்கும் தோல் வெடித்து வெளுத்திருந்தது. அவளோடு கூட இன்னும் முப்பது பெண்கள், எல்லோரும் உப்பளத்தில் வேலை முடித்து நேராக வந்தவர்கள். அன்றைக்காகச் சீக்கிரமே கரையேறியிருந்தார்கள்.

"மேடம், கொஞ்சம் எழுதிக் குடுப்பீங்களா?" என்று அவள் லூர்துமேரியிடம் கேட்டாள். பெயர் மலர்கொடி என்றாள்.

"சொல்லுங்க. இன்னான்னு எழுதணும்?"

"எங்களுக்கு ஒரு கக்கூஸ் வேணும். அளத்தாண்ட."

லூர்துமேரி பேனாவைத் திறந்தாள். சந்தியா அம்மாவைப் பார்த்தாள். அம்மா தலையசைத்ததும், "அக்கா, உங்க மனு கூடவே நான் வரலாமா? எங்க போகுதுன்னு எழுதணும்" என்றாள்.

"வா பாப்பா. எழுதிக்கோ."

மலர்கொடி சொல்லச் சொல்ல லூர்துமேரி எழுதினாள். விடிகாலை நாலரைக்கு அளத்தில் இறங்குகிறார்கள். பதினொன்று, பதினொன்றரை வரைக்கும் வேலை. நாற்பத்து மூன்று பெண்கள்.

"சுத்தியும் பாத்தீங்கன்னா வெட்டவெளி மேடம். ஒரு செடி கெடையாது, ஒரு சுவரு கெடையாது. ஆம்பளைங்க வரப்பு மேல நின்னுக்குனு போயிடறாங்க. நாங்க எங்க போறது? அதான் தண்ணியே குடிக்கிறதில்ல. ராத்திரி படுக்கறப்பவே நிறுத்திடுவோம்."

"இந்த வெயில்லயா?"

"வெயில்லதான் மேடம் உப்பு வெளையும்." அவள் பின்னால் திரும்பி, தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்த ஒருத்தியைக் காட்டினாள். "அவ அருக்காணி. ஒண்ணுக்குப் போனா ரத்தமா வருது. புதுச்சேரி ஆஸ்பத்திரியில தண்ணி நெறைய குடிம்மான்னு சொல்லி அனுப்பினாங்க. எப்பிடி குடிப்பா? வயசு முப்பத்தொண்ணுதான் ஆவுது."

லூர்துமேரிக்கு அந்த வரியை எழுதும்போது பேனா தாளில் குத்தியது. கழிப்பறை ஒன்று, குடிதண்ணீர்க் குழாய் ஒன்று, நிழலுக்கு ஒரு கொட்டகை என்று மனுவை முடித்தாள். நாற்பத்து மூன்று பேருக்கும் சேர்த்து மலர்கொடி கையெழுத்துப் போட்டாள்.

முதல் மேசையில் நம்பர் போட்டார்கள், நூற்றுப் பதினெட்டு. நாலாம் மேசைக்கு அனுப்பினார்கள். அங்கே அரசப்பன் என்பவர் உட்கார்ந்திருந்தார். லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே, "வேலை செய்யுற எடத்துல வசதி இல்லன்னா அது எங்களுது இல்ல. ஏழுக்குப் போங்க" என்றார்.

ஏழாம் மேசையில் இருந்தவர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். "அளம் யாருது? குத்தகையா? அது இருக்குற நெலம் சென்ட்ரல் கவர்மெண்ட்டுது. நாங்க ஸ்டேட். நாங்க அதுல ஒரு செங்கல்லு வெக்க முடியாதும்மா."

சந்தியா நோட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். "சார், நெலம் சென்ட்ரலுதுன்னா, அதுல வேலை செய்யுற இவங்க யாரு? ஸ்டேட்டா, சென்ட்ரலா?"

அவர் சிரித்தார். "நல்லா கேக்குற பாப்பா. இத நீ ஒன்பதுல கேளு."

ஒன்பதாம் மேசையில் கழிப்பறை கட்டும் திட்டத்துக்கான ஆள் இருந்தார். மலர்கொடியின் ஆதார் நம்பரைத் தட்டிப் பார்த்தார். "உங்க வீட்டுல ரெண்டாயிரத்துப் பதினெட்டுலயே கட்டிக் குடுத்திருக்குதே. நீங்க ஏற்கெனவே பயனாளி."

"அது வூட்டுல சார். நான் கேக்குறது அளத்துல."

"ஒருத்தருக்கு ஒரு தடவதாம்மா."

"சார், வூடு அங்கேருந்து நாலு கிலோமீட்டர்" என்றாள் மலர்கொடி. அவள் குரலில் கெஞ்சல் இல்லை. தூரம் தெரியாத ஒருவருக்குத் தூரம் சொல்கிற மாதிரிச் சொன்னாள். அவர் மனுவின் மூலையில் ஏதோ கிறுக்கி, மறுபடி நாலுக்கே போகச் சொன்னார். அரசப்பன் வாங்கினார், என்னவோ தட்டினார், "சரி, போங்க. மெசேஜ் வரும்" என்றார்.

மெசேஜ் வந்தது. அவர்கள் மண்டபத்து வாசலைக் கூடத் தாண்டவில்லை. மலர்கொடியின் பட்டன் போன் கூவியது. அவளுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும் என்பதால் போனைச் சந்தியாவிடம் நீட்டினாள். சந்தியா சத்தமாகவே வாசித்தாள்.

"மனு எண் நூற்றுப் பதினெட்டின் மீது உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டுத் தீர்வு காணப்பட்டது. நன்றி."

மலர்கொடியின் முகம் மலர்ந்தது. "தீர்வுன்னா? கட்டப் போறாங்களா?"

பின்னால் நின்ற பெண்கள் எல்லோரும் நெருங்கி வந்தார்கள். அருக்காணி கூட எழுந்து நின்றாள். சந்தியா அம்மாவைப் பார்த்தாள். லூர்துமேரி போனை வாங்கித் திரும்பவும் ஒருமுறை படித்தாள். அவளுக்குக் காது மடல் சுட்டது.

"இல்ல மலர்கொடி. முடிச்சிட்டாங்களாம். ஒண்ணும் செய்யாமலே முடிச்சிட்டாங்களாம்" என்றாள்.

நேராக நாலாம் மேசைக்குப் போனாள். பிள்ளைகளும் பெண்களும் பின்னாலேயே வந்தார்கள்.

"சார், இதுல தீர்வு காணப்பட்டதுன்னு வந்திருக்குது. இன்னா தீர்வு?"

"மேல அனுப்பிட்டோம்மா. அனுப்பிட்டா எங்க லெவல்ல குளோஸ். சிஸ்டம் அப்பிடித்தான்."

"மேலன்னா யாருக்கு?"

"சம்பந்தப்பட்ட துறைக்கு."

"எந்தத் துறை? ஏழுலயும் இல்லன்னாங்க, ஒன்பதுலயும் இல்லன்னாங்க, நீங்களும் இல்லன்னீங்க. எல்லாருமே சம்பந்தம் இல்லன்னா, அந்த சம்பந்தப்பட்ட துறை எங்க சார் இருக்குது?"

அரசப்பன் இப்போதுதான் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். லூர்துமேரியின் புடவை, தோள்பை, பக்கத்தில் நோட்டும் கையுமாக இரண்டு பிள்ளைகள்.

"நீங்க யாரு? அளத்துல வேலை செய்யுறீங்களா?"

"இல்ல."

"அப்ப உங்களுக்கு இதுல இன்னா வேலை? அதிருக்கட்டும், இன்னிக்குப் புதன்கிழமை. இந்தப் பசங்க ஏன் ஸ்கூல்ல இல்ல?"

லூர்துமேரி சொன்னாள். வீட்டில் படிக்கிறார்கள், திறந்தநிலைப் பரீட்சை எழுதப் போகிறார்கள், இன்றைக்கு மாநில அரசைப் பற்றிப் படிக்க வந்திருக்கிறார்கள். அவள் சொல்லி முடிப்பதற்குள் அரசப்பன் பதினோராம் மேசையில் இருந்தவரைக் கையசைத்துக் கூப்பிட்டுவிட்டார். அந்த ஆள் ஒரு படிவத்தோடு ஓடிவந்தார். பிள்ளைகளின் பெயர், வயது, அப்பா பெயர், விலாசம். 'பள்ளி இடைநின்ற குழந்தைகள்' என்று தலைப்பு. சந்தியாவிடமே கேட்டுக் கேட்டு எழுதினார். கம்ப்யூட்டரில் ஏற்றினார். பிரபாகரன் போனுக்கு மெசேஜ் போனது.

சந்தியா அதையும் நோட்டில் குறித்துக்கொண்டாள். பன்னிரண்டு இருபத்து மூன்றுக்கு ஆரம்பித்தது, பன்னிரண்டு இருபத்தாறுக்கு முடிந்தது.

தன் பிள்ளையின் முதுகில் இன்னொரு தாளைக் குத்துகிறார்கள் என்று லூர்துமேரிக்குத் தோன்றியது. நாற்பத்து மூன்று பெண்கள் ஒண்ணுக்குப் போக இடம் கேட்டால் மூன்று மேசையும் கை விரிக்கிறது. ஓர் அம்மா கேள்வி கேட்டால் மூன்று நிமிஷத்தில் மேசைக்கு மேசை ஆள் ஓடிவருகிறது. அப்படியானால் இவர்களுக்கு வேலை தெரியாமல் இல்லை, ஓடத் தெரியாமல் இல்லை. யாருக்காக ஓடுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தொண்டைவரை வந்த கெட்ட வார்த்தையை, பிள்ளைகள் நிற்கிறார்களே என்று விழுங்கினாள்.

அப்போதுதான் மலர்கொடி தயங்கித் தயங்கி, மேசைக்குக் குனிந்து, ஆனால் பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்கிற மாதிரியே கேட்டாள். "சார், இங்க பாத்ரூம் எங்க இருக்குது? காலையிலேருந்து போகல."

மணமகள் அறைக்குப் பக்கத்தில் ஒரு பாத்ரூம் இருந்தது. பூட்டியிருந்தது. சாவி அரசப்பனின் மேசை மேல், ஒரு மரக்கட்டையில் கோத்துக் கிடந்தது.

"அது லேடி ஸ்டாஃபுக்கும்மா. பப்ளிக்குக்கு இல்ல."

மலர்கொடி கேட்டதற்காகவே வெட்கப்பட்டது போல முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். லூர்துமேரி வாயைத் திறப்பதற்குள் செந்தமிழ் அவள் கையைப் பிடித்து இழுத்தாள். காதில் ஏதோ சொன்னாள்.

"சார், என் சின்னப் பொண்ணு போகணும்ங்குது."

சின்னக் குழந்தை என்பதால் அரசப்பனால் மறுக்க முடியவில்லை. "சீக்கிரம் போயிட்டு வந்து குடுக்கணும்" என்று சாவியைக் கொடுத்தார்.

செந்தமிழ் போனாள். பூட்டைத் திறந்தாள். உள்ளே போகவே இல்லை. கதவை அகலத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, மண்டபத்தின் இந்தக் கோடிக்குக் கேட்கும்படி, "மலர்கொடி அக்கா, வாங்க!" என்றாள்.

லூர்துமேரிக்கே அந்தக் குரல் யாருடையது என்று ஒரு நொடி புரியவில்லை.

மலர்கொடி போனாள். அவள் வெளியே வந்ததும் அருக்காணி. அருக்காணிக்குப் பின்னால் இன்னொருத்தி. வரிசை ஆரம்பித்துவிட்டது. மேசைகளுக்கு முன்னால் நின்ற வேறு பெண்களும், ரேஷன் கார்டுக்கு வந்தவர்களும் பட்டாவுக்கு வந்தவர்களும், வந்து நின்றார்கள். வரிசை மணமேடையைச் சுற்றி வாசல் வரைக்கும் நீண்டது.

அரசப்பன் எழுந்து வந்தார். "பாப்பா, சாவியக் குடு."

"குடுக்க மாட்டேன்."

"இன்னா வெளையாட்றியா? குடு."

"இன்னும் இருபத்தாறு பேர் இருக்காங்க. எண்ணிட்டேன்" என்றாள் செந்தமிழ். சாவியைப் பாவாடைக்குள் செருகிக்கொண்டு இரண்டு கையையும் கதவு நிலையில் வைத்துக்கொண்டாள். அரசப்பன் ஓரடி முன்னால் வைத்தார். லூர்துமேரி குறுக்கே வந்து நின்றாள்.

"பொண்ணு மேல கை வெச்சுப் பாருங்க சார்."

முகாமைப் பார்வையிட மேலதிகாரியான ஓர் அம்மாள் வந்து இறங்கியது அந்த நேரத்தில்தான். மேசைகளுக்கு முன்னால் ஆளே இல்லை, பாத்ரூமுக்கு முன்னால் கூட்டம். அவர் நேராக அங்கேயே வந்துவிட்டார். "இன்னா பிரச்சினை இங்க?"

"ஒண்ணும் இல்ல மேடம், சின்னக் குழப்பம்" என்று அரசப்பன் ஆரம்பித்தார்.

"மேடம், நான் எழுதி வெச்சிருக்கேன்" என்றாள் சந்தியா. யாரும் வாசிக்கச் சொல்லவில்லை. அவளே வாசித்தாள். பத்து இருபதுக்கு முதல் மேசை. பத்து நாற்பதுக்கு நாலு. பதினொன்று ஐந்துக்கு ஏழு, அங்கே சொன்னது இது. பதினொன்று நாற்பதுக்கு ஒன்பது, அங்கே சொன்னது இது. பன்னிரண்டு பத்துக்குத் தீர்வு. பன்னிரண்டு இருபத்து மூன்றுக்கு எங்கள் பெயர். குரல் முதலில் நடுங்கியது, போகப் போக நிதானமானது. 'நீங்கள் ஏற்கெனவே பயனாளி' என்ற வரியில் வரிசையில் நின்ற யாரோ ஒருத்தி "தூ" என்றாள்.

அந்த அதிகாரி கடைசி வரைக்கும் கேட்டார். மனுவை வாங்கிப் படித்தார். அருக்காணியைக் கூப்பிட்டு இரண்டு கேள்வி கேட்டார். பிறகு அரசப்பனிடம், "நூத்திப் பதினெட்ட ஓப்பன் பண்ணுங்க. என் பேருக்கு மாத்துங்க" என்றார். மலர்கொடியிடம் திரும்பி, "நெலம் சிக்கல்தாம்மா, பொய் இல்ல. ரோட்டோரமா புறம்போக்கு இருக்குதான்னு பாக்கச் சொல்றேன். எப்ப முடியும்னு வாக்கு குடுக்க மாட்டேன்" என்றார்.

"வாக்கு வேணாம் மேடம். யாரு செய்யணும்னு ஒரு பேரு எழுதிக் குடுங்க" என்றாள் மலர்கொடி.

அவர் தன் பேரையே எழுதிக் கொடுத்தார்.

இடைநின்றவர்கள் பட்டியலிலிருந்து தன் பிள்ளைகளின் பெயரை எடுக்க முடியுமா என்று லூர்துமேரி கேட்டாள். "அது சிஸ்டம்ல ஏறிடுச்சேம்மா. அத எடுக்க எனக்கு அதிகாரம் இல்ல" என்றார் அதிகாரி. சொல்லும்போது அவருக்கே சங்கடமாக இருந்தது தெரிந்தது. அதனால் லூர்துமேரியின் கோபம் ஒன்றும் குறையவில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு இரண்டு பேர் பைக்கில் வீட்டுக்கு வந்தார்கள், இடைநின்ற குழந்தைகளைப் பார்க்க. லூர்துமேரி நோட்டுகளை எல்லாம் எடுத்து அவர்கள் முன்னால் வைத்தாள். ஒருவர் சந்தியாவின் கணக்கு நோட்டைப் புரட்டிப் பார்த்து, "நல்லாத்தான் போட்டிருக்குது" என்றார். ஆனாலும் பெயர் பட்டியலிலேயே இருக்கும் என்றார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவோம் என்றார்கள். வரட்டும் என்றாள் அவள்.

ரோட்டோரப் புறம்போக்கை அளக்க ஆள் வரவில்லை. மலர்கொடி திங்கள்கிழமைதோறும் ஆறேழு பெண்களோடு விழுப்புரம் கலெக்டர் ஆபீசுக்குப் பஸ் ஏறினாள். ஒவ்வொரு தடவையும் சந்தியாதான் மனு எழுதினாள், அந்த அதிகாரி எழுதிக் கொடுத்த பெயரைக் குறிப்பிட்டு. ஐந்தாவது மனுவுக்கு அளக்க வந்தார்கள். மழைக்காலத்தில் அளம் மூடிக் கிடந்தபோது அஸ்திவாரம் போட்டார்கள். பிப்ரவரியில், புது உப்பு வாரத் தொடங்கிய வாரத்தில், இரண்டு அறையும் ஒரு தண்ணீர்த் தொட்டியும் தயார். தொட்டிக்குக் குழாய் இணைப்பு இல்லை. பெண்கள் ஒருநாள் காலை அளத்தில் இறங்கவில்லை. மத்தியானம் குழாய் வந்துவிட்டது. நிழலுக்குக் கொட்டகை இன்னமும் வரவில்லை. அருக்காணியால் இப்போது அள வேலைக்குப் போக முடியவில்லை. அவளுக்கு இதெல்லாம் காலம் கடந்து வந்தது.

திறப்பு விழா அன்று மலர்கொடி லூர்துமேரிக்குப் போன் செய்தாள். பின்னால் மைக் சத்தம் கேட்டது.

"அக்கா, ரிப்பன் கட்டியிருக்காங்க. பேனர்ல ஒன்பது பேரு போட்டோ இருக்குது, ஒருத்தரும் இந்தப் பக்கமே வந்ததில்ல. எங்கள வரிசையா நின்னு கையத் தட்டச் சொல்றாங்க, போட்டோவுக்கு."

"நீங்க இன்னா பண்ணீங்க?"

"இன்னா பண்றது? பாத்தியில உப்பு கெடக்குது, நேரமாவுதுன்னு சொல்லிட்டு எல்லாரும் எறங்கிட்டோம். அவுங்களே தட்டிக்கட்டும்."